படலையால் வந்து சொல்லாத கலியாணம்

அந்த வெள்ளிக்கிழமை காலை அம்மா முற்றம் கூட்டினார். முற்றம் கூட்டுவது ஒரு புதினமில்லை. ஆனால் அன்றைக்குப் வாசல் படலையடி வரைக்கும் கூட்டி, படலையைத் திறந்து வெளியே ஒழுங்கைத் தெருவிலும் கொஞ்சத் தூரம் கூட்டினார். பிறகு கிணற்றடிக்குப் போய் முழுகினார். பெட்டிக்குள் கிடந்த நல்ல வெள்ளைச் சீலையை எடுத்து உடுத்தினார். வீடு முழுக்கப் பூச்சி உருண்டை மணந்தது.

அதோடு விட்டாரா? அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பால்மாப் பேணியை இறக்கினார். அதற்குள் கொஞ்சம் சீனி இருந்தது. அந்தக் காலத்துச் சண்டிலிப்பாயில் சீனியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள்தான் அதிகம், கண்டவர்கள் குறைவு. பொருளாதாரத் தடையால் பொருள் ஒன்றும் யாழ்ப்பாணத்துக்குள் வராத காலம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்துப் பழகியிருந்தோம். வருத்தம் துன்பம் என்றால் வேண்டும் என்று அம்மா ஒளித்து வைத்த சீனி அது.

"ஆரம்மா வருகினம்?" என்று கேட்டேன்.

"சின்னம்மா வருவாள்."

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஏன், நீதானே எழுதியிருக்கிறாய்."

நான் எழுதியிருந்தது கதை. யாழ்ப்பாணத்தில் அப்போது வந்துகொண்டிருந்த ஒரு வார இதழில் என்னுடைய தொடர்கதையின் கடைசி அத்தியாயம் முதல்நாள்தான் வெளியாகியிருந்தது. அதில் பல வருஷங்களாகப் பேச்சுப் பறைச்சல் இல்லாத ஒரு தங்கச்சி, மழையில் நனைந்துகொண்டு அக்காவின் படலையைத் திறந்து வருவாள். அக்கா குசினி வாசலில் நின்று "வா" என்று ஒரு சொல் மட்டும் சொல்லுவாள். அவ்வளவுதான், முற்றும் என்று போட்டிருந்தார்கள்.

அம்மா அதை வாசித்துவிட்டுத்தான் முற்றம் கூட்டினார்.

கேட்டபடியால் சொல்கிறேன்

நான் இப்போது எழுதுகிற இந்தப் பத்தியைக் கிழமைதோறும் வாசிக்கிற ஒரு பிள்ளை என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். கதை எழுத ஆசையாம். குடும்பத்துக்குள் நடக்கிற பிடுங்குப்பாடுகளை எழுதினால் மட்டும் உயிர் வருகுதில்லையாம். எப்படி எழுதுவது என்று கேட்கிறார்.

இதற்கு இனிப்பான பதில் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டிருக்கலாம். என்னிடம் கேட்டபடியால் நான் பட்டதைத்தான் சொல்ல முடியும். வாசித்த பிறகும் எழுத மனமிருந்தால் எழுதட்டும்.

முதலில் எங்கள் பக்கத்துக் குடும்பம் எப்படிப்பட்டது என்று சொல்லவேண்டும். எங்களுக்குள் காணியும் வீடும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போகும். ஆண்பிள்ளைகள் வேறு ஊரில் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்குப் போய் ஏறிவிடுவார்கள். ஆகவே பக்கத்துப் பக்கத்து வளவில் காலம் முழுக்க இருக்கிறவர்கள் அக்கா தங்கச்சிகள். மாமியார் மருமகள் சண்டையை மற்ற ஊர்க்காரர் எழுதட்டும். எங்கள் ஊர்ச் சண்டை ஒரு வயிற்றில் பிறந்ததுகளின் சண்டை. அதற்கு மருந்து கிடையாது.

அம்மாவின் வளவும் சின்னம்மாவின் வளவும் அப்படித்தான். ஒரே துண்டாக இருந்த காணியை இரண்டாகப் பிரித்துக் கதியால் நட்டு, ஓலை வைத்து வேலி அடைத்திருந்தார்கள். அந்த வேலியில் ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய அளவுக்கு ஒரு திறப்பு இருந்தது. அதைப் பொட்டு என்போம். சொந்தக்காரர் பொட்டால் வருவார்கள், பிறத்தியார் படலையால் வருவார்கள். கறிச்சட்டி போவதும் பொட்டால்தான், கோள் போவதும் பொட்டால்தான்.

ஐயா, எங்கள் தகப்பன், நான் சின்ன வகுப்பில் படிக்கும்போதே செத்துப்போனார். அம்மா தோட்டமும் மாடுமாக மாரடித்தார். எனக்குத் தலை இழுத்ததும் பேன் பார்த்ததும் சின்னம்மா. நான் பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்டதை முதலில் போய்ச் சொன்னதும் சின்னம்மாவிடம்தான், அம்மாவிடம் இல்லை. சின்னம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் பிள்ளைகள் இல்லை. நானும் அக்காவும் அந்தப் பொட்டால் போய்ப் போய் அங்கேதான் வளர்ந்தோம். எனக்கு இரண்டு தாய் இருந்தார்கள் என்று சொன்னால் அது ஒரு பேச்சுக்குச் சொல்வதில்லை.

தட்டம் இல்லாத அழைப்பு

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஒன்றோ இரண்டோ வருஷம் இருக்கும். அக்காவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை கொழும்பில் வேலையை விட்டு உடுத்த உடுப்போடு வந்தவர். அவருக்கு ஜேர்மனிக்குப் போகிற அலுவல் திடீரென்று சரிவந்துவிட்டது. போவதற்கு முன்னம் கலியாணத்தை முடித்துவிடவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் நின்றார்கள். ஒரு கிழமைதான் அவகாசம்.

தகப்பன் இல்லாத பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க ஒரு சோடி வேண்டும். தாய் விதவை, மணவறைப் பக்கம் போகக்கூடாது. யார் எழுதி வைத்த சட்டமோ, அவரைத்தான் முதலில் கட்டி வைத்து உதைக்கவேண்டும். சித்தப்பாவும் சின்னம்மாவும்தான் தாரை வார்ப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அவர்களிடம் போய் ஒருவரும் கேட்கவில்லை.

எங்களுக்குள் ஒரு முறை இருக்கிறது. நல்ல காரியம் சொல்வதென்றால் பக்கத்து வீடானாலும், உடன்பிறந்தவளானாலும், ஒழுங்கைக்கு இறங்கிப் போய்ப் படலையைத் திறந்து முன்பக்கத்தால் வரவேண்டும். புருஷனும் பெண்சாதியுமாகத் தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு வந்து சொல்லவேண்டும். அப்படிச் சொன்னால்தான் சொன்னது.

அம்மா ஒரு பின்னேரம் பொட்டால் குனிந்து போனார். தேங்காய் துருவலையை இரவல் வாங்க நானும் பின்னால் போனேன். சித்தப்பா மால் கொட்டிலுக்குள் இருந்து புகையிலை கட்டிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, வாற வியாழக்கிழமை பதிவும் தாலிகட்டும் ஒண்டாய் வச்சாச்சு. நாளைக்குப் பந்தல்காரன் வருவான். அவரை ஒருக்கால் நிண்டு பாக்கச் சொல்லு" என்றார் அம்மா.

சின்னம்மாவுக்குச் சந்தோசம். என்ன சீலை, என்ன பலகாரம் என்று கதைக்கத் தொடங்கிவிட்டார். சித்தப்பா தலை நிமிரவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான், ஊமைக்கோட்டான் என்று நாங்களே பகிடி பண்ணுவோம்.

அடுத்தநாள் காலை அவர் பொட்டடிக்கு வந்து நின்றார், இந்தப் பக்கம் வரவில்லை.

"மச்சாள், மற்ற வீடுகளுக்கு என்ன மாதிரிச் சொல்லுறியள்?"

"பெரிய மாமாவும் மாமியும் தட்டம் கொண்டு திரியினம். ஏன் கேக்கிறியள்?"

"எனக்கு?"

அம்மா சிரித்தார். "நல்ல கதை. உங்களுக்கும் தட்டமோ? நீங்கள் வீட்டு ஆக்கள் எல்லோ."

சித்தப்பா தலையை ஆட்டிவிட்டுப் போனார். அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை விடிய அந்த வீட்டுப் படலை பூட்டியிருந்தது. இரண்டு பேரும் முதல் பஸ்ஸில் சித்தப்பாவின் ஊரான புத்தூருக்குப் போய்விட்டார்கள். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று ஐயர் சத்தம் போட்டார். பெரிய மாமா தாய்மாமன் சடங்குக்கு நிற்கவேண்டும் என்பதால், ஆரோ தூரத்துச் சொந்தக்காரரும் பெண்சாதியும் அவசரமாகக் கைகால் கழுவிக்கொண்டு வந்து அக்காவைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அந்த மனிசனுடைய பெயர்கூட அக்காவுக்குத் தெரியாது. படங்களில் அவர்தான் தகப்பன் மாதிரி நிற்கிறார்.

சில நாள் கழித்துத் திரும்பி வந்த சித்தப்பா முதல் வேலையாகப் பொட்டை அடைத்தார். புதுக் கதியால், புது ஓலை. வேலியின் மற்றப் பகுதியெல்லாம் பழுப்பாக இருக்க, அந்த இடம் மட்டும் பச்சையாக இருந்தது.

அம்மா வேலியடியில் போய் நின்று ஒரு சொல் சொன்னார். உரத்துத்தான் சொன்னார். "பெத்து வளத்தால்தானே பிள்ளையின்ரை அருமை தெரியும்."

அந்தச் சொல்லோடு எல்லாம் முடிந்தது. நான் நடுவில் அந்தரித்துப் போனேன். இரண்டு தாயில் ஒரு தாய் ஒரு வேலிக்கு அப்பால் இருமுவதும் வாளி இறக்குவதும் கேட்கும், போக முடியாது. ஒழுங்கையில் கண்டால் சின்னம்மா சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கடந்துபோவார்.

இரண்டு பக்கமும் நியாயம்

இதற்கிடையில் இந்திய ஆமி வந்தது, போனது. மறுபடி சண்டை தொடங்கியது. மின்சாரம் நின்றது. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு ஜாம்போத்தல் விளக்கில் கதை எழுதிக்கொண்டிருந்தேன். அந்தத் தொடரைத் தொடங்கும்போது எனக்கு ஒரே ஒரு நோக்கம்தான். ஒளிக்க என்ன இருக்கிறது? எனக்குச் சின்னம்மா திரும்ப வேண்டும்.

ஊரை மாற்றினேன். புகையிலையைத் தென்னை ஆக்கினேன். கலியாணவீட்டைச் சாமத்தியவீடு ஆக்கினேன். ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தேன். இரண்டாவது கிழமையே பரிமளக்கா கிணற்றடியில் வைத்து, "இது உங்கடை வீட்டுக் கதை எல்லோ பிள்ளை" என்றார். பரிமளக்கா ஒழுங்கைக்கு அந்தப்பக்கம் இருந்தவர். இரண்டு வீட்டுக்கும் போய்வருகிற ஒரே ஆள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், எங்கள் ஒழுங்கைக்குக் கூத்தாடி பரிமளக்காதான்.

அந்தப் பிள்ளைக்குச் சொல்கிறேன்: கதையில் ஒரு கெட்டவன் இருந்தால் எழுதுகிறவருக்குச் சுகம். பழி முழுவதையும் அவன் தலையில் போட்டுவிட்டு நித்திரை கொள்ளலாம். என் கதையில் கெட்டவன் இல்லை. ஆகவே இரண்டு பக்கத்துக்கும் நியாயம் தேடினேன்.

அக்காக்காரிக்கு ஒரு நியாயம் கொடுத்தேன். தாலியறுத்த தான் தட்டம் தூக்கிக்கொண்டு போய்த் தங்கச்சியின் படலையைத் திறந்தால், அந்த வீட்டுக்கு ஏதும் கூடாதது நடந்துவிடும் என்று பயந்துதான் பொட்டால் போனாள் என்று எழுதினேன். தங்கச்சியின் புருஷனுக்கும் ஒரு நியாயம் கொடுத்தேன். பிள்ளை இல்லாத சோடி நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக்கூடாது என்று ஆரோ சொல்லித்தான் தன்னை முறையாகக் கேட்கவில்லை என்று அவன் நினைத்தான் என்று எழுதினேன். அவன் வாய்விட்டுச் சொல்ல முடியாத நினைப்பு அது. வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் ஒரு பெண்பிள்ளைக்குத் தகப்பன் மாதிரி நிற்கக் கிடைத்த வாய்ப்பு, அதுவும் பொட்டால் வந்தது.

இரண்டும் நான் கற்பனை செய்தவை. ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

அம்மா அந்த அத்தியாயத்தை வாசித்துவிட்டு இதழை மடித்து வைத்தார். பிறகு, "ஓம். அதுதான் நான் படலையாலை போகேல்லை" என்றார். அதற்குப் பிறகு கண்டவர் நின்றவருக்கெல்லாம் அந்தக் காரணத்தைச் சொல்லத் தொடங்கினார். அம்மா உண்மையாகவே அன்றைக்கு அப்படி நினைத்தாரா, நான் எழுதினதை எடுத்து உடுத்திக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. கேட்டால் அடிக்க வருவார்.

அங்காலேயிருந்து பரிமளக்கா பதில் கொண்டுவந்தார். "அக்கா அண்டைக்கு அப்பிடி நினைச்சிருந்தால் அவவின்ரை முகத்திலை நான் கண்டிருப்பன். அது உவள் எழுதிக் குடுத்த நியாயம்" என்று சின்னம்மா சொன்னாராம். சித்தப்பாவைப் பற்றி எழுதினதற்கு ஒரு பதிலும் வரவில்லை. அவர் சந்தி வாசிகசாலைக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று மட்டும் கேள்விப்பட்டேன். அந்த இதழ் அங்கேதான் கிடக்கும்.

ஆனாலும் கதை போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமளக்காவின் வாயால் இரண்டு பக்கத்திலிருந்தும் திருத்தம் வரத் தொடங்கியது.

"அந்த இடத்திலை தான் அழேல்லையாம். சும்மா அழுததாய் எழுதாதையாம்" என்று சின்னம்மாவின் சொல்லைக் கொண்டுவருவார் பரிமளக்கா ஒரு கிழமை.

"அவள் குடுத்துவிட்டது கத்தரிக்காயே? முருங்கைக்காய் எண்டு போடச் சொல்லு, கண்டறியாத கத்தரிக்காய்" என்பார் அம்மா அடுத்த கிழமை.

நான் முருங்கைக்காய் என்று போட்டேன். எவ்வளவு சந்தோசம் எனக்கு! அடைத்த வேலிக்கு மேலால் இரண்டு பேரும் கதைக்கிறார்கள், என்னுடைய கதைக்குள்ளால் கதைக்கிறார்கள் என்று நினைத்தேன். இன்னும் ஆறேழு கிழமை எழுதினால் தானாகச் சரிவந்துவிடும் என்று நம்பினேன்.

தாள் முடிந்தது

ஆசிரியர் நல்ல மனிசன். ஆனால் பத்திரிகை ஆசிரியர். பத்திரிகைத் தாள் வராத காலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கொப்பித் தாளில் இதழை அச்சடித்தார். என்னுடைய கதை நீலக் கோடுகளின் மேல்தான் வெளிவந்தது. மெஷினைக் காலால் மிதித்து ஓட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலால் அவர் கத்திக் கதைப்பார்.

"தங்கச்சி, கொப்பித் தாளும் முடியுது. ரெண்டு கிழமைக்குள்ளை ஒற்றுமையாக்கி முடிச்சுவிடும்."

"ஒற்றுமையாக்கிறது அவ்வளவு லேசில்லை, ஐயா. ஆர் முதல் வாறது?"

"இதென்ன கேள்வி? இளையவளை அனுப்பும். இளையது இறங்கி வாறதுதானே முறை."

"முடிக்காமல் அப்பிடியே விட்டால் என்ன?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, சனத்துக்கு இப்ப வேறை ஒண்டும் ஒற்றுமையாகேல்லை. இதாவது ஆகட்டும்."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மானிப்பாய் வீதியில் வரும்போதே அத்தியாயம் மனதில் முழுதாக வந்துவிட்டது. எனக்கும் அது வேண்டியிருந்தது. எழுதும்போது அழுதேன். வாசித்த ஊர்ச்சனமும் அழுதது. ஒரு ஆசிரியை என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு, தானும் தன்னுடைய தமக்கையோடு கதைக்கப் போவதாகச் சொன்னார். கதைத்தாரோ தெரியாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம்

அம்மா மத்தியானம் சாப்பிடவில்லை. விறாந்தையில் இருந்து படலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை வரவில்லை, வெயில் கொளுத்தியது. கதையில் மழை பெய்தது என்பதால் அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கவேண்டும், இடைக்கிடை வானத்தையும் பார்த்தார். ஒருமுறை குண்டுபோடுகிற பொம்மர் மேலே சுற்றியது. நான் பங்கர் குழிக்குள் இறங்கினேன். அம்மா வரமாட்டன் என்றுவிட்டார்.

"நான் உள்ளை போயிருக்க, அவள் வந்து பாத்திட்டுத் திரும்பிப் போனால்?"

பொழுதுபடுகிற நேரம் படலை திறந்த சத்தம் கேட்டது. அம்மா எழுந்தே விட்டார். வந்தது பரிமளக்கா. அம்மா மறுபடி இருந்தார்.

பரிமளக்கா சுற்றிவளைக்கவில்லை. "உங்கடை தங்கச்சி சொல்லிவிட்டவ. 'நான் ஏன் முதல் போகவேணும்? கதையிலை என்னைப் படலையாலை வரவிட்டால் பிழை முழுக்க என்ரை எண்டுதானே அர்த்தம்? அக்காதான் சொல்லி எழுதுவிச்சிருக்கிறா. சொல்ல வரவேண்டியவ படலையாலை வரேல்லை, இப்ப நான் போய்ப் படலை திறக்கிறதோ?' எண்டு கேக்கிறா."

அம்மா மறுபடி படலையைப் பார்த்தார்.

"அதிலை பாருங்கோ," என்று பரிமளக்கா என் பக்கம் திரும்பினார். "அவ இந்தக் கிழமை வரத்தான் இருந்தவ. மனிசனோடை சண்டையும் பிடிச்சுப்போட்டு, முருங்கைக்காயும் ஆஞ்சு வச்சவ. நான் கண்ணாலை கண்டனான். பேப்பர் வந்ததோடை விட்டிட்டா. இப்ப போனால் உவள் எழுதினதுக்காகப் போனதாய்ப் போகுமாம்."

நான் உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டேன். அந்தச் சீனியைத்தான் போட்டுப் பரிமளக்காவுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். "அட, சீனித் தேத்தண்ணி" என்று ரசித்துக் குடித்தார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதைத்தான். கதையில் முதலில் இறங்கி வருகிறவரைப் பெரிய மனசுக்காரர் என்று வாசகர் கொண்டாடுகிறார்கள். குடும்பத்தில் முதலில் இறங்கி வருகிறவர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். இதை அன்றைக்குத்தான் நான் விளங்கிக்கொண்டேன். அதற்காக நான் எழுதினது பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். பொட்டை அடைத்தது நானில்லை. வேலியடியில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னதும் நானில்லை. வாய்க்குள் வைத்து அரைத்துக்கொண்டிருந்ததை நான் எழுத்தில் எடுத்து வைத்தேன். அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

அதன்பின் அம்மா படலையைப் பார்க்கவில்லை. என்னுடைய கதைகளையும் வாசிக்கவில்லை.

வகுப்பறைக்குள்

தொண்ணூற்றைந்தில் ஆமி வருகுது என்று எங்கள் வலிகாமத்துச் சனம் முழுக்க எழும்பி நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், நான் திரும்ப எழுதவில்லை. மாரி மழையில் நனைந்து, சனத்தோடு சனமாக நெரிபட்டு, நானும் அம்மாவும் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தோம். ஒரு வகுப்பறைக்குள் ஏழெட்டுக் குடும்பம். மேசை வாங்குகளை ஒதுக்கிவிட்டு, சீமெந்து நிலத்தில் பாய் கிடைத்தவர்கள் பாயில், கிடைக்காதவர்கள் சீலையை விரித்து. அம்மாவின் கால் வீங்கிப் பூசணிக்காயாகக் கிடந்தது.

நாங்கள் வந்த அடுத்தநாள் பின்னேரம் சின்னம்மா அந்த வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை மட்டும். சீலை முழங்கால் வரைக்கும் சேறு. உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தார். ஆட்கள் இருக்கிற இடத்துக்குள் ஒரே ஒரு முழ இடம்தான் மிச்சம், அது அம்மாவின் கால்மாட்டில். அங்கே வந்தால் வந்ததாகிவிடும், போனால் மழைக்குள் போகவேண்டும்.

அம்மா அவரைக் கண்டார். பத்து வருஷத்தில் தங்கச்சியோடு அம்மா கதைத்த முதல் வார்த்தை இதுதான்.

"அவர் எங்கை?"

"வரமாட்டன் எண்டிட்டார்" என்றார் சின்னம்மா. வாசலில் நின்றபடிதான் சொன்னார். "எவ்வளவு கெஞ்சினன். தான் வளவுக்குள்ளையே கிடந்து சாகிறன், நீ போ எண்டு படலையைச் சாத்திப்போட்டார்."

அம்மா இரண்டு கையாலும் தன்னுடைய வீங்கின காலைத் தூக்கி அங்காலே வைத்தார். "இதிலை இரு" என்றார்.

சின்னம்மா வந்து இருந்தார். ஆர் முதல் வந்தது, ஆர் முதல் கதைத்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை. நான் இத்தனை கிழமை மூளையைக் கசக்கியும் எனக்கு வராத முடிவு அது.

சுடுதண்ணீர் எடுக்கப் போத்தலோடு வெளியே ஓடினேன். அடுப்படியில் வரிசை. எனக்கு அப்போது வந்தது சந்தோசம் என்றுதான் சொல்லவேண்டும். ஊர் போய்விட்டது, வீடு போய்விட்டது, சித்தப்பா தனியே கிடக்கிறார், எனக்குச் சந்தோசம். தலையைத் தடவுவார், மெலிஞ்சு போனாய் என்பார் என்று நினைத்தேன். என்னுடைய முப்பது வயதையும் மறந்து அந்த மடியில் தலை வைக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

திரும்பி வரும்போது இரண்டு பேரும் நெருங்கி இருந்தார்கள். சின்னம்மா அம்மாவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டு ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா கண்ணைத் துடைத்தார்.

நான் பக்கத்தில் போய் இருந்தேன். "சின்னம்மா" என்றேன்.

கை நின்றது. சின்னம்மா என் பக்கம் திரும்பவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

"அக்கா, உவள் இருக்கேக்கை ஒண்டும் கதையாதை. எழுதிப்போடுவாள்."

அம்மா ஏதாவது சொல்லுவார் என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நிலத்தைப் பார்த்தார்.

"எங்களுக்குப் பிள்ளையில்லை எண்டதை அச்சடிச்சு ஊருக்கு வித்தவள்" என்றார் சின்னம்மா. "அந்த மனிசன் அதுக்குப் பிறகு ஒரு நல்லது கெட்டதுக்கும் வெளிக்கிடேல்லை. இப்பவும் ஏன் வரேல்லை எண்டு நினைக்கிறாய்? பள்ளிக்கூடத்துக்குள்ளை எல்லாற்றை முகத்தையும் பாக்கவேணுமே எண்டுதான்."

"ஓமடி," என்றார் அம்மா. "எங்களுக்குள்ளை என்ன பெரிய கோவம் இருந்தது? எல்லாம் இவள் எழுதித்தான் இவ்வளவுக்கு வந்தது."

"அதைத்தான் நானும் சொல்லுறன், அக்கா."

அம்மா என் கையிலிருந்த போத்தலை வாங்கிக்கொண்டார். "நீ கொஞ்சம் வெளியிலை போய் நில், பிள்ளை. நாங்கள் கதைக்கவேணும்."

நான் எழும்பிப் போய் விறாந்தையில் நின்றேன். உள்ளே இரண்டு பேரும் கதைப்பது கேட்டது, என்ன என்று விளங்கவில்லை. இருட்டும் வரைக்கும் கதைத்தார்கள். கூப்பிடுவார்கள் என்று நின்றேன். ஒருவரும் கூப்பிடவில்லை.